இரண்டாவது பெட்டியில் அப்பா

நான் ஓய்வு பெற்ற பிறகு பழைய ஆபீஸிலிருந்து போன் வந்தால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். பீரோ சாவி எங்கே என்று கேட்பார்கள், இல்லையென்றால் யாருக்காவது கல்யாணம். போன மாதம் வந்தது இரண்டிலும் சேராது. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிரியா மரியாதையாகத்தான் கேட்டாள். நம் அப்ளிகேஷன் ஃபார்மில் கேள்விகளைச் சுற்றி ஒரு கோடு வருகிறது, ஃபீல்ட்செட் என்று. பழைய டிசைனாக இருக்கிறது, அதைத் தூக்கிவிட்டு வெறும் கலர் மட்டும் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. கோடு பிடிக்கவில்லை என்றால் கோட்டை மட்டும் மறைத்துக்கொள், ஃபீல்ட்செட்டின் மேல் கை வைத்தால் ஆட்டோ பிடித்து நேரிலேயே வந்துவிடுவேன் என்றேன். சிரித்தாள். அப்படி என்ன மேடம் அதில் என்றாள். போனில் சொன்னால் உன் சார்ஜ் தீர்ந்துவிடும், எழுதித் தருகிறேன் என்று வாயை விட்டேன். வாயை விட்டால் எழுதித்தானே ஆக வேண்டும்?

தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, சும்மா இருந்த காலம் கொஞ்சம், கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற காலம் கொஞ்சம். அப்புறம் தொண்ணூறுகளில் காஞ்சிபுரத்திலேயே ஒரு தனியார் அஞ்சல்வழிக் கல்வி மையத்தில் டைப்பிஸ்ட் ஆனேன். மையத்தின் பெயர் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் இருந்தது. கருட சேவை அன்று எங்கள் பக்கம் பஸ்ஸும் வராது, நாங்களும் வரமாட்டோம். மற்ற நாளெல்லாம் பாடங்களை நகல் எடுக்க ஸ்டென்சில் வெட்டுவதுதான் வேலை. கம்ப்யூட்டர் வந்ததும் மூன்று மாதம் சாயங்கால வகுப்புக்குப் போனேன். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாளில், இனி எல்லா ஃபார்மும் இன்டர்நெட்டில் வர வேண்டும் என்று செக்ரட்டரி சொல்லிவிட்டார். யார் செய்வது? காகிதத்தில் ஃபார்ம் அடிப்பது எஸ்தருக்குத் தண்ணீர் பட்ட பாடு, அவளே செய்யட்டும் என்றார்கள்.

செய்தேன். பார்க்க அழகாக இருந்தால் அது நல்ல ஃபார்ம் என்று நினைத்துக்கொண்டு செய்தேன். தலைப்புகளையெல்லாம் அரக்குப் பட்டையில் மஞ்சள் எழுத்தாகப் படம் வரைந்து ஒட்டினேன். இந்த ஊரில் பிறந்துவிட்டுக் கலர் விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா?

முதல் அடி சாம்பாரில் விழுந்தது. பத்து நாள் நேர்முக வகுப்புக்கு வருகிறவர்களுக்கு மையமே சாப்பாடு போடும். அதற்கு ஒரு ஃபார்ம் செய்தேன். கேள்வி இரண்டுதான். வெங்காயம் பூண்டு சேர்க்கலாமா என்பது ஒன்று. திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஜைனக் குடும்பத்து ஆசிரியர் ஒருவர் வருவார், பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார் என்பதால், இருட்டுவதற்குள் சாப்பாடு வேண்டுமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஆம், இல்லை என்று வட்டப் பொத்தான்கள். இந்தப் பொத்தான்களுக்கு உள்ளுக்குள் ஒரு பெயர் வைக்க வேண்டும். ஒரே பெயர் வைத்தவை எல்லாம் ஒரே கேள்வியைச் சேர்ந்தவை என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். ஒன்றை அமுக்கினால் மற்றதை விட்டுவிடும். நான் முதல் கேள்வியைக் காப்பி எடுத்துக் கீழே ஒட்டினேன், கேள்வியை மாற்றினேன், உள்ளே இருந்த பெயரை மாற்ற மறந்துபோனேன்.

ஆக, இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னவுடன் முதல் பதில் காணாமல் போனது. மேலே போய் மறுபடி அமுக்கினால் கீழே இருந்தது போனது. ஜனங்கள் இரண்டு மூன்று தடவை முட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாகக் கீழே நின்றதை அப்படியே அனுப்பிவிட்டார்கள். பூண்டுக் கேள்விக்கு ஒருவர்கூடப் பதில் தரவில்லை என்று பார்த்த சமையல்காரர், யாருக்குமே பூண்டு ஆகாது என்று முடிவுகட்டி நாற்பது பேருக்கும் வெறும் சாம்பார் வைத்தார். முதல் நாள் பந்தியில் முணுமுணுப்பு. ஜைன ஆசிரியர் மட்டும் என்னைத் தேடி வந்து, "இத்தினி வருஷத்துல இன்னிக்குத்தாம்மா சந்தேகம் இல்லாம சாப்ட்டேன்" என்று கைகூப்பினார். அந்த ஒரு பாராட்டை வைத்துக்கொண்டு மீதி முப்பத்தொன்பது பேரின் பேச்சையும் தாங்கினேன்.

அடுத்த வருடம் எங்களுக்கு மேலே ஓர் அதிகாரி வந்தாள். வந்தார் என்று எழுத வேண்டும். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள் என்பதால் கை தானாக அப்படிப் போகிறது. ரங்கநாயகி, சின்ன காஞ்சிபுரம், எம்.சி.ஏ. அப்பா, தாத்தா எல்லாம் பாடசாலையும் பாண்டித்தியமுமாக வந்த குடும்பம். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். குரலை உயர்த்தியதே கிடையாது. தப்பு கண்டுபிடித்தால் பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் பச்சை மையில் நம்பர் போட்டு எழுதி, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'தயவுசெய்து' என்று சேர்த்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். திட்டினால்கூட வாங்கிக்கொள்ளலாம். ஒரு நாளைக்குப் பதினேழு தயவுசெய்து வந்தால் மனுஷி என்ன செய்வாள்?

அவரிடம் ஒரு ஃபார்ம் மூன்று சோதனை தாண்ட வேண்டும். முதலில் எல்லாவற்றையும் தப்பாக நிரப்புவார். வயது இருநூறு, பெயருக்குப் பதில் வெறும் புள்ளி, போன் நம்பரில் எழுத்து. ஃபார்ம் எதைக் கண்டுபிடிக்கிறது, எதை அசடு மாதிரி விழுங்குகிறது என்று பார்ப்பார். இரண்டாவதாக, மவுஸைப் பிடுங்கித் தன் சாப்பாட்டுப் பையில் தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். வெறும் டேப் கீயைத் தட்டித் தட்டியே மேலிருந்து கீழ்வரை போயாக வேண்டும். மூன்றாவதாக, கீழே ஜரிகைக் கடை நாயுடுவை மேலே கூப்பிட்டு உட்காரவைத்து நிரப்பச் சொல்வார். நாயுடு எங்கே நிறுத்தி, "ஏமிம்மா இது?" என்கிறாரோ, அந்த இடத்தில் பச்சைக் கோடு விழும். மூன்றையும் தாண்டினால் மூலையில் ஒரு டிக். அந்த டிக்குக்காக நான் கிடந்து அடித்துக்கொண்டேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

ஆசிரியப் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வு ஃபார்ம் மூன்றையும் ஒரே நாளில் தாண்டியது. அதில் மூன்று பகுதி. ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படிப்பு என்று அதே மூன்று பெட்டிகள். முதல் பகுதி விண்ணப்பிப்பவர். மூன்றாவது தகப்பனார். நடுவில் ஸ்கிரைப். பார்வை இல்லாதவர்கள் சொல்லச் சொல்ல விடையை எழுதித் தருகிறவரை அப்படிச் சொல்வோம். தேர்வு எழுதுபவரைவிட ஸ்கிரைப் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது மையத்தின் விதி. தேவையில்லாதவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்று பட்டையில் எழுதியிருந்தேன். தேர்வுப் பிரிவுக்காரர்கள் அது தங்கள் கண்ணில் முதலில் பட வேண்டும் என்று கேட்டதால் நடுவில் வைத்தேன்.

வந்து குவிந்த விண்ணப்பங்களில் ஒன்றைப் பார்த்து ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. வாலாஜாபாத்திலிருந்து வசந்தி, பி.ஏ. வரலாறு. தகப்பனார் பெயர் கவிதா, வயது பதினாறு, பத்தாம் வகுப்பு. ஸ்கிரைப் சண்முகம், வயது அறுபத்திரண்டு, பி.ஏ., பி.டி. எவனோ விளையாடியிருக்கிறான் என்றோம். விளையாட்டோ இல்லையோ, ஸ்கிரைப் கூடுதலாகப் படித்திருக்கிறார், விதிப்படி நிராகரிப்பு. அந்தக் கடிதத்தை அடித்தது நான்தான். அடிக்கும்போதும் சிரித்துக்கொண்டுதான் அடித்தேன்.

நான்கு நாள் கழித்து அந்தக் கடிதம் என் மேசைக்கே திரும்பி வந்தது. கொண்டுவந்தவள் இருபத்தேழு இருபத்தெட்டு வயசுப் பெண், கையில் வெள்ளைக் கோல். பின்னால் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர். "நீ வெளிய குந்துப்பா, நான் பேசிக்கிறேன்" என்று அவரை வராந்தா பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு, என் எதிர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். நான்தான் வசந்தி என்றாள். ஹால் டிக்கெட் அனுப்ப மூன்று நாள்தான் பாக்கி. இந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் டீச்சர் ஆகிற பேச்சே கிடையாது.

வெளியே உட்கார்ந்திருந்த சண்முகம் வாத்தியார்தான் அப்பா. பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து பி.ஏ. வரை அவளுடைய ஒவ்வொரு ஃபார்மையும் அவர்தான் எழுதியிருக்கிறார். சென்னையில் ஒரு பயிற்சியில், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை வைத்துக் கம்ப்யூட்டர் பழகிக்கொண்டு வந்த வசந்தி, இந்த ஒரு ஃபார்மையாவது நானே போடுவேன் என்று நின்றிருக்கிறாள். வாலாஜாபாத் பிரவுசிங் சென்டரில் தனியாக உட்கார்ந்து போட்டும் விட்டாள். அதுதான் நிராகரித்து வந்திருக்கிறது. "நான் இருக்கசொல்ல உனக்கு இன்னாத்துக்கும்மா இந்த வீம்புன்னு பஸ்ல ஏறுனதுலேர்ந்து ஏழு வாட்டி கேட்டுட்டாரு மேடம். எண்ணிக்கினே வந்தேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். 

இப்போது நான் கொஞ்சம் கேவலமாக நடந்துகொண்டதைச் சொல்ல வேண்டும். மூன்று சோதனை தாண்டிய ஃபார்ம், பச்சை டிக் வாங்கிய ஃபார்ம். தலைப்பு பெரிதாகப் போட்டிருக்கிறதே, மற்ற எல்லோரும் சரியாகத்தானே போடுகிறார்கள் என்றேன்.

"எல்லாருக்கும் தெரியிற தலைப்ப எனக்கு மட்டும் யாரும் சொல்லல மேடம்" என்றாள்.

பக்கத்து மேசையிலிருந்து ரங்கநாயகி எழுந்து வந்தார். அந்த மென்பொருள் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். வசந்தி கைப்பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தாள். என் கம்ப்யூட்டரிலேயே அதைப் போட்டோம். ஃபார்மைத் திறந்தோம். ரங்கநாயகி வழக்கம்போல மவுஸைப் பிடுங்கினார். அப்புறம் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். மானிட்டரையும் அணைத்தார்.

"இப்ப நீங்க போடுங்கோக்கா" என்றார்.

நானே கட்டிய ஃபார்ம், எனக்கென்ன என்று உட்கார்ந்தேன். டேப் கீயைத் தட்டினேன். மூக்கால் பேசுகிற ஒரு வெள்ளைக்காரக் குரல், "நேம்" என்றது. எஸ்தர் என்று அடித்தேன். "ஏஜ்." அடித்தேன். "குவாலிஃபிகேஷன்." அடித்தேன். மறுபடியும் "நேம்" என்றது. எந்த ஃபார்மிலும் நம் பெயருக்கு அடுத்து யார் பெயரைக் கேட்பார்கள்? ஒன்றாம் வகுப்பிலிருந்து ரேஷன் கார்டு வரை கேட்டுக் கேட்டு ஊறிப்போனதல்லவா! கை தானாக என் அப்பா பெயரை அடித்தது. மூன்றாவது "நேம்" வந்தபோதுதான் எனக்குத் திக்கென்றது.

ரங்கநாயகி மானிட்டரைப் போட்டார். காலமாகிப் பத்து வருடம் ஆன என் அப்பா, ஸ்கிரைப் பெட்டியில் பரீட்சை எழுதத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

என்ன ஆச்சு மேடம் என்று வசந்தி கேட்டாள். சொன்னேன். கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ரங்கநாயகி சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணின் ஒரே வாய்ப்பை நான் நிராகரித்துக் கடிதம் அடித்திருந்தேன், அதுவும் நானே செய்யக்கூடிய அதே தப்புக்காக.

நடந்தது இதுதான். என் அரக்குப் பட்டை வெறும் படம். அது எந்த மூன்று பெட்டிக்குத் தலைப்பு என்பது கண்ணுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. டேப் கீயைத் தட்டினால் அது படத்தைத் தாண்டிப் பெட்டியிலிருந்து பெட்டிக்கு ஓடிவிடும். பெட்டியின் பெயரைச் சொல்லும், யாருடைய பெட்டி என்று சொல்லாது. மவுஸைப் பிடுங்கிப் பார்த்த எங்களுக்கு மானிட்டரை அணைத்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று ரங்கநாயகி நொந்துகொண்டார்.

ஃபார்மைச் சரி செய்வது எங்கள் கையில் இருந்தது. நிராகரித்ததைத் திறப்பது இல்லை. அது செக்ரட்டரியின் கையில். தப்பு ஆபீஸின் மேல் என்று பொறுப்பானவர் எழுத்தில் கொடுத்தால்தான் திறப்பார், கொடுத்தவருக்கு மெமோவும் வரும். எனக்கு அப்போது சீனியர் கிரேடு வர வேண்டிய நேரம். சோதித்தது நான், நானே எழுதிவிடுகிறேன் என்றார் ரங்கநாயகி. எனக்கு அது பிடிக்கவில்லை. பட்டை என் பட்டை, கடிதம் என் கடிதம். 'படிவத்தை வடிவமைத்ததில் என்னால் ஏற்பட்ட பிழை. விண்ணப்பதாரர் மேல் தவறு இல்லை' என்று நானே அடித்துக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனேன். செக்ரட்டரி இரண்டு தடவை படித்துவிட்டு, "தெரிஞ்சுதான் குடுக்கிறியாமா?" என்றார். தெரிந்துதான் சார் என்றேன். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் விண்ணப்பம் வந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். மெமோவும் அடுத்த வாரம் ஒழுங்காக வந்து சேர்ந்தது. கிரேடு ஒரு வருடம் தள்ளிப்போனது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். தன் மெமோக்களைப் பக்கத்தில் வைத்தால் இது குழந்தை என்றார்.

அப்போது மணி பன்னிரண்டு. வசந்தியையும் அப்பாவையும் சாப்பிட அனுப்பிவிட்டு உட்கார்ந்தோம். ஃபீல்ட்செட் என்ற ஒன்று இருக்கிறது என்று ரங்கநாயகிக்குத் தெரியும். கோடு போடத்தான் அது என்று அவரும் நினைத்திருந்தார். அதைப் பற்றி இன்டர்நெட்டிலிருந்து பிரிண்ட் எடுத்த பக்கங்களை இரண்டு பேரும் சேர்ந்து வரி வரியாகப் படித்தோம். ஒன்றோடொன்று சேர்ந்த கேள்விகளை ஒரு ஃபீல்ட்செட்டுக்குள் போட வேண்டும். உள்ளே முதல் வரியாக லெஜண்ட் என்று ஒரு தலைப்புக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த மூன்று பெட்டியும் ஒரே குடும்பம், குடும்பத்தின் பெயர் இது என்று அப்புறம் கம்ப்யூட்டருக்கே தெரிந்துவிடும். மூன்று பட்டைப் படங்களையும் தூக்கினேன். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். வட்டப் பொத்தான் கேள்விகளுக்கும் அதேபோல ஆளுக்கொரு ஃபீல்ட்செட் போட்டேன். சாம்பார் ஞாபகத்தில் உள்ளே இருந்த பெயர்களையும் ஒரு தடவை சரிபார்த்தேன்.

இரண்டரை மணிக்கு வசந்தி உட்கார்ந்தாள். நான் ஆர்வக்கோளாறில், 'தேர்வில் விண்ணப்பதாரர் சொல்லச் சொல்ல எழுதுபவரைப் பற்றிய முழு விவரங்கள், தேவைப்படுவோர் மட்டும்' என்பதை அப்படியே இங்கிலீஷில் லெஜண்டாகப் போட்டிருந்தேன். அந்த மென்பொருளோ ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் லெஜண்டை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியின் பெயரைச் சொன்னது. வெள்ளைக்காரன் மூச்சு வாங்காமல் அத்தனையையும் ஒப்பித்து "நேம்" என்று முடித்தான். மறுபடி முழுசாக ஒப்பித்து "ஏஜ்" என்றான். "மேடம், இவன் பேசி முடிக்கிறதுக்குள்ள எனக்கு வயசு வரம்பு தாண்டிடும்மா" என்றாள் வசந்தி. அந்த இடத்திலேயே வெட்டி, 'ஸ்கிரைப்' என்று ஒரே சொல்லாக ஆக்கினேன். அன்றிலிருந்து என் லெஜண்ட் எதுவும் மூன்று சொல்லைத் தாண்டியதில்லை.

இந்தத் தடவை "ஸ்கிரைப், நேம்" என்றது. வசந்தி தலையைச் சாய்த்து, ஷிஃப்ட் கீயோடு பின்னால் போய் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னது. பக்கத்து வீட்டுப் பெண் கவிதாவின் பெயர், வயது, படிப்பு மூன்றையும் அடித்தாள். டேப். "ஃபாதர், நேம்." அடித்தாள். வாசலில் வாத்தியார் வந்து நின்றார். சட்டைப்பையில் இருந்த பேனா எப்படியோ கைக்கு வந்திருந்தது. ரங்கநாயகி அவரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கோ என்று கையால் காட்டினார். பெரியவர் அங்கேயே நின்றார். கடைசிப் பொத்தானை அமுக்கும் முன் வசந்தி முழு ஃபார்மையும் தலையிலிருந்து கால்வரை இன்னொரு தடவை கேட்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அனுப்பினாள். மணி மூன்றுகூட ஆகவில்லை.

வசந்தி தேறினாளா என்று பிரியா கேட்பாள். தேறினாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறாள். அது அவள் கெட்டிக்காரத்தனம், அதில் என் ஃபார்முக்குப் பங்கில்லை. ஃபீல்ட்செட் மேல் கை வைக்காதே என்று நான் கத்தியதற்குக் காரணம் அதுவும் இல்லை. பிரிண்டரிலிருந்து ஒப்புகைச் சீட்டு வந்த பிறகு நடந்ததுதான்.

சீட்டைப் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு வாசிக்கிற மாதிரி சத்தமாகப் படித்தார். ஸ்கிரைப், கவிதா, பதினாறு. ஃபாதர், சண்முகம், அறுபத்திரண்டு. இரண்டாவது வரியை மட்டும் மறுபடி ஒரு தடவை படித்தார். தப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. பேனாவின் மூடியைத் திறந்தார்.

"நான் எங்கம்மா கையெழுத்து போடணும்?" என்று மகளிடம் கேட்டார்.

"எங்கயும் வேணாம்பா" என்றாள் வசந்தி. "இத்தினி நாளா நான் எழுத வேண்டியத நீ எழுதிக்கினு இருந்த. இதுல நீ வெறும் அப்பாதான்."

 ரங்கநாயகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவர் சீட்டை நான்காக மடித்து, தன் பையில் வைக்கப் போய், நின்று, மகளின் கையைப் பிடித்து அதில் வைத்தார்.